அகலம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் ஏற்காட்டுக்குக் களப்பயணம் சென்றபோது இலை வடிவங்களைத் தமிழில் குறிக்க முயன்றேன். ‘தலைகீழ் முட்டை வடிவம்’ என்று எழுதினால் தோழிகள் சிரிக்கிறார்கள். தமிழில் வடிவச் சொற்கள் இல்லாதபோது ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம் அல்லவா? காளான்களுக்கும் பூச்சிகளுக்கும் நல்ல கையேடு எது?

ச., அம்மாபேட்டை

அன்புள்ள ச.,

கையேட்டை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘தமிழில் இல்லாதபோது’ என்று எழுத உங்கள் கை கூசியிருக்க வேண்டும் அம்மா. குறுந்தொகையின் 243ஆம் பாட்டு அடும்பங்கொடியின் இலையை ‘மானடி அன்ன கவட்டிலை’ என்கிறது. அதே கொடிக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட லத்தீன் பெயருக்கு ஆட்டின் கால் என்று பொருள். இருவரும் பிளந்த குளம்பையே கண்டிருக்கிறார்கள். மந்தாரை இலைக்கும் நீங்கள் கவட்டிலை என்றே தயங்காமல் எழுதலாம்.

முட்டைக்கு வருவோம். இலையைக் காம்பு கீழே இருக்கும்படி பிடித்து, அதன் மிக அகன்ற இடம் எங்கே என்று பாருங்கள். காம்பை ஒட்டிய பாதியில் இருந்தால் அது முட்டை வடிவம். நுனியை ஒட்டிய பாதியில் இருந்தால் தலைகீழ் முட்டை வடிவம். முந்திரி இலையும் நாட்டு வாதுமை இலையும் இரண்டாவது வகை. ஆகவே அந்தச் சொல் வெறும் உவமை அன்று, அகலம் எங்கே விழுகிறது என்று சொல்லும் அளவு. ‘தலைகீழ்’ உறுத்தினால் ‘நுனியகன்ற இலை’ என்று எழுதுங்கள். சிரிப்புக்கு அஞ்சி அளவையே கைவிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பூச்சிகளுக்கும் இதே கண்தான் வேண்டும். பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் கதாயுதம்போலத் தடித்திருக்கும். பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கு அது இழைபோலவோ இறகுபோலவோ இருக்கும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த என் அத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர். ஓடைக்கரையில் வல்லாரை பறிக்க என்னை அழைத்துச் செல்லும்போது, நான் கண்ட வட்ட இலையையெல்லாம் கிள்ளிக் கூடையில் போடுவேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, “காம்பு பள்ளத்துல நிக்குதா பாரு சாமி, ஓரத்துல விரலை ஓட்டிப் பாரு” என்பார். வல்லாரையின் ஓரத்தில் பற்கள் உண்டு, ஆனால் அவை கூராக இல்லாமல் மழுங்கியிருக்கும். விரல் அதை அறிந்த பிறகே இலை கூடைக்குத் திரும்பும். சிறுநீரக வடிவம், மழுங்கிய பல் விளிம்பு என்று பாடநூல் சொல்வதை நான் கல்லூரியில் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அடுத்த முறை மலையேறும்போது பத்து இலைகளைப் பறித்து, ஒவ்வொன்றுக்கும் அகலம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.