வேற்றுக்கிரக இனம் நாவலுக்கு நாவல் மாறினால், எழுத்தாளர் கோட்டை விட்டார் என்று அர்த்தமா?

முதல் கதையில் ஒரு மாதிரியும் நான்காவது கதையில் வேறு மாதிரியும் ஓர் இனம் வந்தால் அது எழுத்தாளரின் மறதிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு தொடரைப் பாதியில் மூடி வைத்த எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எல்லா மாற்றமும் மறதி இல்லை. முன்பு நாம் பார்த்த செயல் அப்படியே இருக்க, அதன் காரணம் மட்டும் பின்னால் தெரியவந்தால் அந்த இனம் வளர்ந்திருக்கிறது. முன்பு "இவர்களுக்கு இது தெரியாது" என்று சொன்னதைப் பின்னால் கொடுத்த ஒரு திறமை பொய்யாக்கினால், அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் லேரி நிவனிடம் இரண்டுமே உண்டு. ரசிகன் வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், ஓட்டையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவருடைய பப்பெட்டியர் இனத்துக்கு மூன்று கால், இரண்டு கழுத்து. தலைகளில் மூளை கிடையாது. அது கழுத்துகளுக்கு நடுவே உள்ள திமிலில் இருக்கிறது. வாய்கள்தான் கைகள். மந்தையாக வாழும் தாவர உண்ணிகள், கோழைத்தனத்தையே அறமாக வைத்திருப்பவர்கள். 1967-ல் வந்த 'தி சாஃப்ட் வெப்பன்' கதையில் நெஸ்ஸஸ் என்ற பப்பெட்டியர் பின்னங்காலால் உதைத்து கிஸின்டி என்ற இன்னொரு வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த ஒரு தளபதியின் விலா எலும்பை உடைக்கிறான். சொந்த கிரகத்தை விட்டு வெளியே வருகிற பப்பெட்டியர் எல்லாருமே பைத்தியம் என்பதால், வாசகர் அதைப் பைத்தியத்தின் துணிச்சல் என்று எடுத்துக்கொள்கிறார். 1970-ல் 'ரிங்வேர்ல்ட்' நாவல் அதே செயலைத் திருப்பிப் பார்க்கிறது. ஆபத்து வந்ததும் முதுகைக் காட்டுவது இவர்களின் இயல்பு. ஆனால் அப்படித் திரும்புவது ஓடுவதற்கா, உதைப்பதற்கா? பழைய வரி ஒன்றைக்கூட அடிக்காமல் இனம் முழுவதும் வேறாகிவிடுகிறது.

கிஸின்டியும் அப்படித்தான். 1966-ல் ஆயத்தமாகும் முன்பே பாய்கிற புலி மனிதர்கள். 'ரிங்வேர்ல்ட்'டில் வருகிற கிஸின் பொறுமையாகப் பேசும் தூதன். காரணம்: மனிதர்களோடு நடந்த ஒவ்வொரு போரிலும் முன்கோபிகள் செத்துக் கழிந்தார்கள், பிழைத்தவர்களே வம்சம் வளர்த்தார்கள். அந்தத் தோல்விகளுக்குப் பின்னால் பப்பெட்டியரின் கை இருந்தது என்பதும் அங்கேதான் வெளிப்படுகிறது. நாவலுக்குள்ளேயே நடக்கும் இயற்கைத் தேர்வு இது.

இனி ஓட்டை. 'நியூட்ரான் ஸ்டார்' கதையில் (1966) எதனாலும் உடையாத பப்பெட்டியர் கப்பலுக்குள் இரண்டு பேர் மூக்குப் பகுதியில் நசுங்கிச் செத்துக் கிடக்கிறார்கள். நியூட்ரான் நட்சத்திரம் ஒன்றை, அதாவது மிக அடர்த்தியாகச் சுருங்கிப்போன ஒரு நட்சத்திரத்தை, நெருங்கிப் போன கப்பல் அது. கொன்றது ஓத விசை, நிலவால் கடல் பொங்கி வற்றுவதற்குக் காரணமான அதே விசை. நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கும் முனையைத் தொலைவில் இருக்கும் முனையைவிடப் பலமாக இழுக்கும் வேறுபாடு அது. அடுத்துப் போகும் விமானி கப்பலின் பொருண்மை மையத்தில் ஒடுங்கி உயிர் தப்புகிறான். ஓதம் பற்றிப் பப்பெட்டியருக்குத் தெரியவில்லை, ஆகவே அவர்கள் கிரகத்துக்கு நிலா இல்லை என்று கண்டுபிடிக்கிறான். அருமையான முடிவு. நான்கே ஆண்டில் வந்த 'ரிங்வேர்ல்ட்'டில் அதே இனம் ஐந்து கிரகங்களை ஐங்கோணமாக நிறுத்தி ஓட்டிக்கொண்டு போகிறது. கிரகத்தையே நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஓதம் தெரியாதா? இந்த இணைப்பு நிற்காது.

பாக் இனம் இதைவிடச் சிக்கல். 'புரொடெக்டர்' (1973) சொல்வது இது: பாக் உயிரிகள் நடுவயதில் ஒரு கிழங்கைத் தின்றால் அதிலுள்ள வைரஸ் அவர்களைக் காவலர்களாக மாற்றும். தோல் கவசமாகும், மூட்டு வீங்கும், பல் உதிர்ந்து ஈறும் உதடும் அலகாக இறுகும். ஒரு பாக் கூட்டம் பூமியில் குடியேறியது; இங்குள்ள மண்ணில் தாலியம் என்ற உலோகம் போதாமல் வைரஸ் செத்தது, காவலர்கள் அழிந்தார்கள், மிஞ்சியவர்களின் வழி வந்தவர்கள் நாம். நம் கிழத்தன்மையின் சுருங்கிய தோலும் மூட்டுவலியும் பொக்கைவாயும் பாதியில் நின்றுபோன அந்த உருமாற்றம்தான். படிக்கும்போது சிலிர்க்கும். ஆனால் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணுவில் சுமார் 98 சதவீத ஒற்றுமை இருக்கும்போது, மனிதன் வெளியிலிருந்து வந்தான் என்பதை எந்தத் தொடர்ச்சி நாவலாலும் ஒட்டுப்போட முடியாது.

நீங்களே தொடர் எழுதுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் "யார் பார்த்தது, யார் ஊகித்தது" என்று குறித்து வையுங்கள். ஊகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இனத்துக்கு "தெரியாது, முடியாது" என்று எழுதியவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள்; புதுத் திறமை எதைக் கொடுப்பதற்கு முன்பும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: இணையக் கலைக்களஞ்சியங்கள் நான்கு புத்தகத்துத் தகவலையும் கலந்து முதல் பத்தியிலேயே கொட்டிவிடுகின்றன. அந்த உதையின் அர்த்தத்தை முன்பே தெரிந்துகொண்டு கதைக்குள் போகிறவருக்கு, அதைத் தானாக உணரும் வாய்ப்பே பறிபோகிறது. அவற்றைத் திறக்காமல் 'நியூட்ரான் ஸ்டார்' தொகுப்பு (1968), 'ரிங்வேர்ல்ட்', 'புரொடெக்டர்', 'தி ரிங்வேர்ல்ட் எஞ்சினியர்ஸ்' (1980) என்ற வரிசையில் படியுங்கள். கடைசிப் புத்தகம் பாக் கதையை ரிங்வேர்ல்டோடு, அதாவது ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட வளைய உலகத்தோடு, இணைக்கிறது, அதனால் 'புரொடெக்டரை' அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.