டோரா போன்ற சாகசக் கார்ட்டூன்களில் பிள்ளைக்குக் கற்க ஏதாவது உண்டா?

நான்கு வயது மகன் டோராவையும் ஒக்டோநாட்ஸையும் விட்டு எழும்புவதே இல்லை, இவற்றால் பயன் உண்டா, அல்லது அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். ஆனால் அவனைத் தனியே பார்க்க விடவும் வேண்டாம். நான் யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியை. காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் இரவு பார்த்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற எதற்கும் வருவார்கள். எதைப் பார்த்த பிள்ளை என்ன சொல்கிறது என்பதை நான் கவனித்தே வருகிறேன்.

டோரா 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கியது. நம் வீடுகளுக்குச் சுட்டி டிவியின் தமிழ்க் குரலில் வந்தது. மூலத்தில் ஆங்கிலம் பேசும் டோரா இடையிடையே ஸ்பானிஷ் சொற்களைக் கற்பிப்பாள். தமிழில் அந்த இடத்தை ஆங்கிலச் சொற்கள் பிடித்துக்கொண்டன. பெற்றோர் பலர் அந்த ஆங்கிலத்தையே பெரிய பயனாக எண்ணுகிறார்கள். எனக்கு அது சின்ன விஷயம்.

அவள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாளே, அதுதான் பெரிது. "பாலம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் திரையிலிருந்து பிள்ளையைப் பார்த்தபடி சில விநாடி பேசாமல் நிற்பாள். அந்த மௌனம் பிள்ளைக்காகவே விடப்பட்டது. பிள்ளை கதிரையிலிருந்து இறங்கி ஓடிப்போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டும். நம் வீடுகளில் அந்த நேரம் பார்த்து அம்மம்மாவோ தமையனோ முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். பிழையாகச் சொன்னாலும் பிள்ளையே சொல்லட்டும். 1996இல் தொடங்கிய புளூஸ் குளூஸ் என்ற தொடரும் இதே முறையில் அமைந்தது. ஒரே கதையை வாரத்தில் ஐந்து நாட்கள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகள் கதையை நன்றாக விளங்கிக்கொண்டதோடு, கேள்விகளுக்கு முன்னையதைவிட அதிகமாகப் பதிலும் சொன்னதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆகவே உங்கள் மகன் பார்த்ததையே மறுபடி போடச் சொல்லி அடம்பிடித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் பிள்ளை அப்படித்தான் கற்கிறது.

டோராவின் வரைபடத்துக்கு நான் இன்னும் அதிக மதிப்புக் கொடுப்பேன். போகவேண்டிய வழியில் மூன்று இடங்கள். அவற்றை ஒழுங்கு மாறாமல் பல தடவை சொல்லிச் சொல்லி நடப்பார்கள். முதலில் எது, பிறகு எது, கடைசியில் எது என்று மனதில் அடுக்கிவைக்கப் பழகுவது பின்னால் வாசிப்புக்கும் கணக்குக்கும் உதவும். இதைத் திரையோடு விட்டுவிட எனக்கு மனமில்லாததால், வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து வீட்டிலிருந்து முன்பள்ளிக்கு வரும் வழியைக் கீறச் சொல்வேன். ஒரு சிறுமி தங்கள் படலை, ஒழுங்கை முகப்பிலுள்ள வைரவர் கோவில், பேக்கரி என்று மூன்றையும் கீறினாள். கோவிலுக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரு நாயும் இருந்தது. "இது வழியில் இல்லையே" என்றேன். "இருக்கிறது ரீச்சர், அது குரைக்கும் இடத்தில்தான் திரும்பவேண்டும்" என்றாள். எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்பதற்குத் தானே ஓர் அடையாளத்தைத் தேடி வைத்திருக்கிறாள். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஒக்டோநாட்ஸ் 2010இல் பிரித்தானியாவில் தொடங்கியது. ஒவ்வொரு கதையிலும் உண்மையான ஒரு கடல் உயிரினம் வரும். முடிவில் அதைப் பற்றிய தகவல்களைப் பாட்டாகத் தொகுத்துச் சொல்வார்கள். கடல் சூழ்ந்த ஊரில் இருக்கும் நமக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பாசையூரிலோ குருநகரிலோ கணவாய் வாங்கி வந்தால், வெட்டுவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எட்டுக் கைகளும் அவற்றைவிட நீளமான இரண்டும் சேர்த்துப் பத்து. அவனே எண்ணட்டும். மைப்பையையும் காட்டுங்கள். திரையில் மை பீச்சித் தப்பியோடிய கணவாயை அவன் மறந்திருக்கமாட்டான், உங்களுக்கே கதை சொல்லத் தொடங்குவான்.

எல்லாக் கார்ட்டூனும் இப்படியல்ல. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டோராவும் புளூஸ் குளூஸும் பார்த்த சின்னப் பிள்ளைகளிடம் சொல்வளம் கூடுதலாகவும், டெலிடபீஸ் என்ற தொடரைப் பார்த்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், காட்சிகள் வேகமாக மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் மட்டும் பார்த்த நான்கு வயதுப் பிள்ளைகள், அதே நேரம் படம் கீறிக்கொண்டிருந்தவர்களைவிட, கவனத்தையும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனையும் சோதிக்கும் விளையாட்டுகளில் உடனடியாகப் பின்தங்கினார்கள். எனவே பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்யாமல், ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். கதையில் ஒரு சிக்கல் வருகிறதா, அதை அவிழ்க்க யோசிக்கிறார்களா, பிள்ளைக்கு வாய் திறக்க இடம் விடுகிறார்களா? சத்தமும் துரத்தலும் மட்டும் என்றால் மாற்றிவிடுங்கள். யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவையுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. வீட்டில் இரண்டு வயது நிரம்பாத தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குத் திரையே வேண்டாம். அண்ணன் பார்க்கும் நேரத்தில் சின்னதை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போக யாராவது இருந்தால் போதும்.