பொருத்தமே இல்லாத இருவர் சேர்ந்து பயணம் செய்யும் காதல் நகைச்சுவைப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?

ஃபிராங்க் காப்ரா இயக்கி 1934-இல் வெளிவந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேரப் பெற்ற முதல் படம் இதுதான். எனக்கு இது பிடித்துப்போனதோ இதில் வரும் பேருந்துக்காக.

தனக்குப் பிடிக்காதவனை மகள் மணந்துகொண்டாள் என்பதற்காகக் கோடீசுவரத் தந்தை அவளைத் தம் உல்லாசப் படகில் அடைத்து வைக்கிறார். எல்லி (கிளாடெட் கோல்பர்ட்) கடலில் குதித்துத் தப்பி, நியூயார்க்கில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர மயாமியில் இரவுப் பேருந்து ஏறுகிறாள். அதே வண்டியில் வேலை பறிபோன பத்திரிகையாளன் பீட்டர் (கிளார்க் கேபிள்). இருக்கையை அடைத்துக் கிடந்த செய்தித்தாள் கட்டுகளை அவன் சன்னல் வழியே வீசிவிட்டு, அதற்காக ஓட்டுநரோடு வாய்ச்சண்டை போட்டு வென்று திரும்பினால், அந்த இருக்கையில் இவள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

இத்தகைய கதைகளில் சண்டை எழுதுவது எளிது. சண்டை போட்ட பிறகும் இருவரும் பிரிந்து போகாமல் இருப்பதற்கு நம்பத்தக்க காரணம் சொல்வதுதான் கடினம். குன்னூரில் வசிக்கும் எனக்கு நம் படங்களின் மேல் உள்ள மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. காதலர்கள் எப்போதும் ஊட்டிக்கு வந்து சேர்ந்த பிறகே தாவரவியல் பூங்காவில் பாடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த வழி கத்தரியில் போய்விடுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, பின்னால் இன்ஜின் தள்ள, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மொத்தம் 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கும் மலை ரயிலில், ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. எதிரில் இருப்பவரைப் பிடிக்கவில்லை என்றாலும் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் வரை முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் ஆக வேண்டும். திரைக்கதை எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

காப்ரா இன்னொரு முடிச்சும் போடுகிறார்: பணம். எல்லியின் பெட்டி திருடு போகிறது. பீட்டரிடமும் கை நிறைய இல்லை. எங்கள் மலைப் பேருந்துகளில் நடத்துநர் சில்லறை இல்லாமல் முன்பின் தெரியாத இருவர் கையில் ஒரே நோட்டைத் திணித்து, "இறங்குறப்போ ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சன்னல் ஷட்டரை ஏற்றுவதா இறக்குவதா என்று பர்லியாறு வரை முறைத்துக்கொண்டே வந்த ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், அந்த நோட்டின் புண்ணியத்தால் குன்னூர் நிலையத்தில் ஒன்றாக இறங்கி, ஒன்றாகத் தேநீர்க் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நோட்டு மாற்றத்தான் போயிருப்பார்கள்.

படத்தின் மிக நல்ல இடங்கள் எல்லாம் இந்த வறுமையிலிருந்தே பிறக்கின்றன. ஒரே அறையில் தங்க நேரும்போது நடுவே கயிறு கட்டித் தொங்கவிடும் போர்வையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் காரட் முக்கியம். தோட்டத்தில் பறித்த பச்சைக் காரட்டை அவன் கடிக்கக் கொடுக்கும்போது முதலில் அவள் முகம் சுளிக்கிறாள். பின்பு, வசனம் எதுவும் இல்லாமல், பசியில் தானாகவே எடுத்துக் கடிக்கிறாள். கேத்திப் பள்ளத்தாக்கின் காரட்டைத் தழையோடு கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதைத் தினமும் பார்க்கும் எனக்கு, ஒரு காய் இவ்வளவு நடிக்கும் என்று தோன்றியதில்லை. முடிவை நெருங்கும்போது, மகளைக் கண்டுபிடிப்பவருக்கு அறிவித்த 10,000 டாலர் பரிசுக்காகவே பீட்டர் வந்திருக்கிறான் என்று தந்தை நினைக்க, அவனோ வழியில் செலவான 39 டாலர் 60 சென்ட்டை மட்டும் கணக்குக் காட்டிக் கேட்கிறான். காதலை இதைவிடக் கறாராக ஒருவன் சொல்ல முடியாது.

குறையும் உண்டு. ஆற்றைக் கடக்க அவளைத் தோளில் தூக்கிச் செல்லும்போது பின்புறத்தில் ஓர் அடி போடுவதும், இவளுக்கு நாளுக்கு ஒரு குத்து வேண்டும் என்று தந்தையிடமே சொல்வதும் இன்று சிரிப்பை வரவழைக்கவில்லை. கட்டைவிரலைக் காட்டி வண்டி நிறுத்தும் கலையை அவளுக்குப் பாடமாக எடுத்த அவனை ஒரு வண்டியும் மதிக்காமல் போக, அவள் பாவாடை ஓரத்தைச் சற்றே உயர்த்தியதும் முதல் கார் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஓரளவு கணக்குத் தீர்கிறது.

ராஜ் கபூரும் நர்கிசும் நடித்த 'சோரி சோரி' (1956) இதே கதைதான். அதன் பாடல்கள் அருமை. இருந்தாலும் மூலத்தை முதலில் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. உரையாடல் வேகமாக ஓடும் என்பதால் சப்டைட்டிலுடன் பார்ப்பது நல்லது.