பிறப்புச் சான்றிதழில் வளர்த்தவங்க பெயர் மட்டும்: பாம்பனில் பெற்ற அம்மாவை எங்கே தேடுவது?

பாம்பனுக்கு நேரா போய் விசாரிக்காதீங்க. சான்றிதழில் வளர்த்தவங்க பெயர் மட்டும் இருப்பது பிழை இல்லை. சட்டப்படி தத்து முடிஞ்சா அப்படித்தான் தருவாங்க. அதை நீட்டினா நீங்க பிறந்த ஆஸ்பத்திரியில் கையைத்தான் விரிப்பாங்க.

வீட்டுப் பீரோவில் எந்தக் காகிதம் இருக்குன்னு பாருங்க.

1. கோர்ட் உத்தரவுன்னா, பெரும்பாலும் தத்து நிறுவனம் வழியா வந்திருப்பீங்க. நகலோட ராமநாதபுரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுங்கிற அரசு அலுவலகத்தில், பெற்றோரைத் தேடித்தரச் சொல்லி மனு கொடுங்க. 18 வயசு முடிஞ்சிருந்தா நீங்களே கொடுக்கலாம். சித்தப்பா, நண்பர் யாரும் உங்களுக்காகக் கேட்க முடியாது.

2. பதிவு செய்த தத்துப் பத்திரம்னா வேலை சுலபம். கொடுத்தவங்க பெயரும் கையெழுத்தும் அதிலேயே இருக்கும். பத்திரம் தொலைஞ்சிருந்தா சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு போடுங்க.

ஒண்ணு கவனிங்க: அம்மாவே ஒப்படைச்சு, அப்பவே தன் விவரத்தை வெளியிட வேண்டாம்னு கேட்டிருந்தா, அவங்க சம்மதம் இல்லாம அலுவலகத்தில் விவரம் தர மாட்டாங்க. மறுத்துட்டா, ஏன் கொடுத்தாங்கங்கிற சூழ்நிலை மட்டும்தான் கிடைக்கும். அவங்களுக்கு வேற குடும்பம் ஆகி, உங்களைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாம இருக்கலாம். அதனாலதான் பாம்பனுக்கு நேரா போகாதீங்கன்னேன்: வலை பின்னுற இடத்தில் ஒருத்தர்கிட்ட கேட்டாலே சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும்.

வளர்த்த அம்மாவுக்குத் துரோகமான்னு கேட்டிருந்தீங்க. இல்லை. ஆனா மனு கொடுக்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. அலுவலகக் கடிதம் வீட்டுக்கு வந்து தெரிஞ்சாதான் நொறுங்கிப் போவாங்க.