சுருட்டுக்கு எந்தப் பதத்தில் காபி?

கேள்வி: பச்சைக் காபிக்கொட்டையை இரும்பு வாணலியில் வறுக்கிறேன். மேலே கருகுகிறது, டிகாக்‌ஷனோ புளிக்கிறது. சுருட்டோடு குடிக்க எந்தப் பதம் சரி?

பதில்: தீ அதிகம். மேல்புறம் கருகி உள்ளே வேகாமல் நிற்பதால்தான் புளிப்பு. ஒரு தடவைக்கு 150 கிராம் போதும். நடுத்தரத் தீயில் கை ஓயாமல் கிளறுங்கள். சூடேறிக் கொட்டை வெடிக்கும் முதல் வெடிப்பு சோளப்பொரி போலச் சத்தமாகக் கேட்கும். கனெக்டிகட் என்னும் வெளிர்நிறப் புகையிலையை மேலிலையாகச் சுற்றிய லேசான சுருட்டென்றால், அந்த வெடிப்பு ஓய்ந்ததும் இறக்கலாம். மதுரோ போன்ற கரிய இலைக்கு, இரண்டாம் வெடிப்பு மெல்லச் சடசடக்கும்வரை பொறுங்கள். இறக்கியதும் முறத்தில் கொட்டி விசிறுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே மேலும் கருகும். கரியமில வாயு வெளியேற இரண்டு நாளாவது விட்டு, பிறகு அரையுங்கள். சிக்கரியா? புகையிலைக் கசப்பே போதும்!