பதினாலு கட்டிலுக்கு ஒரு சிஸ்டர்

கேள்வி: அம்மாவைக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நர்ஸ்கள் முகம் பார்த்துப் பேசுவதே இல்லை, எந்நேரமும் ஃபைலில் எழுதுகிறார்கள். அந்தக் காலத்து நர்ஸம்மாக்களின் பரிவு எங்கே போனது? (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பரிவு எங்கேயும் போகவில்லைங்க. நேரம்தான் போய்விட்டது.

நீங்கள் சொல்லும் நர்ஸம்மா எனக்கும் தெரியும். எண்பதுகளில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்து ஊசியைப் பொருத்துவார். தண்ணீர் கொதிப்பதற்குள் “தோட்டத்துல மஞ்சள் வெட்டியாச்சா கண்ணு?” என்று எல்லாம் விசாரித்துவிடுவார். இன்று உறையைக் கிழித்தால் ஊசி தயார். மிச்சமான நேரத்தை மானிட்டரும் மருந்து பம்ப்பும் வெண்டிலேட்டரும் எடுத்துக்கொண்டன. எந்த மருந்து, எத்தனை மில்லி, சிறுநீர் எவ்வளவு போனது என்று அவ்வப்போது எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதே மருந்தை மறுபடி ஏற்றிவிடலாம். நீங்கள் குறைப்பட்ட அந்த எழுத்துதான் உங்கள் அம்மாவுக்குக் காவல்.

போன வருஷம் அப்பாவோடு ஒரு வார்டில் இருந்தேன். பதினாலு கட்டில், ராத்திரிக்கு ஒரே சிஸ்டர். இரண்டு மணிக்கு அப்பா வாந்தி எடுத்தார். சிஸ்டர் ஓடிவந்து தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, வாயைத் துடைத்து, “ஒண்ணுமில்லீங்கய்யா” என்றார். அதற்குள் நாலாவது கட்டிலில் அலாரம். ஃபைலைத் தேட நேரமில்லாமல் உள்ளங்கையில் பேனாவால் 2.10 என்று குறித்துக்கொண்டே ஓடினார். அதைவிடவா பரிவு வேண்டும்?

சாதாரண மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. வேலூரில் 1946-லேயே பட்டப்படிப்பு வந்துவிட்ட தொழில் இது. சம்பளம்? உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்ன பிறகு மத்திய அரசு போட்ட குழு, ஐம்பது படுக்கைகூட இல்லாத தனியார் மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அடுத்த வருஷமே நம் அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்த நர்ஸ்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் போதாது என்று சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள்.

ஆகவே உங்கள் கேள்வியை சிஸ்டரிடம் கேட்காதீர்கள். அடுத்த முறை அட்மிஷன் போடும்போது, ரூம் வாடகை கேட்கிற அதே கவுண்டரில், ராத்திரியில் இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள். பதில் வருகிற வரை நகராதீர்கள்.