1951 செவர்லே பிக்கப்: 4.11-ஐ எடுத்துவிட்டு 3.55 போடலாமா?

வணக்கம் சார். 216 கன அங்குல எஞ்சின், மூன்று கியர் வண்டி, அம்பத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் மாமல்லபுரம் போகும்போது 70 தாண்டினாலே எஞ்சின் கத்துகிறது, பின் அச்சில் 4.11 பல் விகிதத்தை எடுத்துவிட்டு 3.55 போடலாமா (பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதற்குச் சக்தி கொண்டுவரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண்) என்று கேட்டிருந்தீர்கள். சும்மா ஓட்டம்தான் என்றால் தாராளமாகப் போடலாம்.

முதலில் உள்ளே இருப்பது 4.11-தானா என்று பாருங்கள். உங்கள் பிக்கப்பான 3100 மாடலில் புரொப்பெல்லர் ஷாப்ட் (அந்தத் தண்டு) குழாய்க்குள் மூடியிருக்கும், அது சுற்றுவதை எண்ண முடியாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மறு சக்கரம் நிற்பதால் இந்த இரண்டு சுற்றும் அச்சுக்குள் ஒரு சுற்றுதான். எஞ்சின் முன்னால் உள்ள கிராங்க் புல்லி நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 4.11: அச்சுக்குள் உள்ள பெரிய பற்சக்கரமான கிரவுனில் 37 பல், அதைச் சுற்றும் சின்னதான பினியனில் 9.

28 அங்குல டயரில் 80 கிமீ வேகத்துக்கு 4.11 சுமார் 2,450 ஆர்பிஎம் கேட்கும், 3.55-க்கு 2,120 போதும். பாபிட் (மென்மையான உலோகக் கலவை) ஊற்றிய பேரிங் உள்ள எஞ்சினுக்கு இது பெரிய நிம்மதி.

பதிலுக்கு இழுவை குறையும். கத்திப்பாரா மேம்பாலத்தில் நெரிசலோடு ஏறும்போது செகண்ட் கியருக்கு வர வேண்டியிருக்கும். சுமை ஏற்றுவீர்கள் என்றால் 4.11-ஐத் தொடாதீர்கள்.

புதுப்பேட்டையில் தேடினால் கிரவுனும் பினியனும் ஒரே ஜோடியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஜோடி மாறியதைப் பூட்டியதில் என் வண்டி ஒரே மாதத்தில் ஊளையிட ஆரம்பித்தது. பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம், 3.55 போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 80-இல் போனால் முள் 69-இல் நிற்கும்.